பக்கத்தில் நல்ல உளவியலாளரைக் கண்டுபிடிப்பதும், இன்சூரன்ஸ் பணம் தருமா என்று முன்பே பார்த்துவிடுவதும்: முழுமையான வழிகாட்டி

மதுரையில் என் தம்பி ஒரு நாள் வேலைக்குப் போவதை நிறுத்தினான். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, யாரிடமும் பேச்சு இல்லை. "குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போய் ஒரு மண்டலம் இருந்துவிட்டு வரலாம்" என்றார் அம்மா. நான் கைபேசியில் தேடி, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஆலோசனை மையத்துக்குக் கூட்டிப் போனேன். ஒரு முறைக்கு 1,200 ரூபாய் வீதம் ஆறு முறை போனோம், 7,200 ரூபாய் ஆனது. அவனுடைய கம்பெனி இன்சூரன்ஸில் வெளிநோயாளிச் செலவுக்கென்று வருடம் 5,000 ரூபாய் இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. விண்ணப்பித்தோம், மறுத்துவிட்டார்கள். ரசீதில் பதிவு எண் இல்லை, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டும் இல்லை. அந்த ஆலோசகருக்குப் பதிவே கிடையாது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பணம் போனதைவிட, அவன் முதன்முதலாக மனம் திறந்து பேசியது பயிற்சி இல்லாத ஒருவரிடம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் தேடித் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது இது. சட்டமும் இன்சூரன்ஸ் விதிகளும் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான்.

ஆபத்து இருந்தால் மீதியைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்

உயிரை விட்டுவிடலாம் என்று பேசுகிறார், அல்லது அதற்கு ஏதாவது செய்துவிட்டார் என்றால் பாலிசியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-வது பிரிவில், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது.

யாரைத் தேடுகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும்

"மனநல டாக்டர்" என்ற ஒரே பேரில் மூன்று வகை ஆட்களை நாம் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். இன்சூரன்ஸ் கணக்கில் மூவரும் வேறு வேறு என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தரலாம், மருத்துவமனையில் சேர்க்கலாம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும்.

மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சை, உளவியல் பரிசோதனைகள், நினைவாற்றல், அறிவுத்திறன் மதிப்பீடு எல்லாம் இவருடைய வேலை. உளவியலில் முதுகலை முடித்து, அதற்கு மேல் மேற்பார்வையோடு கூடிய இரண்டு வருட எம்.ஃபில். படித்தவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் பெயருக்கு உரியவர்கள். சிலர் சை.டி. என்ற பட்டம் வைத்திருப்பார்கள். இவர்களைப் பதிவு செய்வது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், சுருக்கமாக ஆர்.சி.ஐ.

மூன்றாவது, ஆலோசகர். இதில் மிக நல்லவர்களும் உண்டு. பள்ளி, கல்லூரி, குடும்பப் பிரச்சினை போன்றவற்றுக்கு அவர்களே போதும். ஆனால் பதினைந்து நாள் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் இதே பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ள முடிகிறது. நாங்கள் ஏமாந்த இடம் இதுதான்.

எதில் தொடங்குவது? தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது, சந்தேகம் எல்லை மீறுகிறது, உடம்பு மெலிந்துகொண்டே போகிறது என்றால் முதலில் மனநல மருத்துவர். பதற்றம், துக்கம், பழைய காயங்கள், உறவுச் சிக்கல், குழந்தையின் படிப்புச் சிரமம் என்றால் மருத்துவ உளவியலாளரிடம் நேரே போகலாம். ஆனாலும் இன்சூரன்ஸில் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஒரு மருத்துவரைப் பார்த்து, "உளவியல் சிகிச்சை தேவை" என்று சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். எங்கள் விண்ணப்பம் விழுந்ததற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு வரி இல்லாததுதான்.

பெயர்களை எங்கிருந்து எடுப்பது

கைபேசித் தேடலில் மேலே வரும் நட்சத்திரங்களை நம்ப வேண்டாம். தங்கள் மனச் சிக்கலைப் பற்றி ஊரறிய மதிப்புரை எழுதுபவர்கள் மிகக் குறைவு. அதனால் அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நல்ல வழி, பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, 1794-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. வேலூர்க்காரர்களுக்கு சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம். அரசு இடங்களில் வெளிநோயாளிச் சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்த பிறகு, "வெளியில் யாரிடம் பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்புவீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர் சொல்வார்கள். நாங்கள் கடைசியில் போய்ச் சேர்ந்தது அப்படிக் கிடைத்த ஒரு பெயரிடம்தான்.

சிறு ஊர்களில் இருப்பவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தைப் பற்றி மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அந்தக் குழு குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கு வரும். எந்த நாள் என்று தெரிந்துகொண்டால் நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்காது. குடும்ப மருத்துவர், குழந்தை மருத்துவர், மகப்பேறு மருத்துவர் ஆகியோரிடமும் பெயர் கேட்கலாம்.

அம்மாவின் யோசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது தவறில்லை. ஏர்வாடியில் தர்காவுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மருந்தும் கிடைக்க அரசு "தவா-துவா" என்ற திட்டத்தை நடத்துகிறது. அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி இறந்ததையும் மறக்க முடியாது. வேண்டுதல் நடக்கட்டும், மருந்தும் சிகிச்சையும் கூடவே நடக்க வேண்டும். நான் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

பதிவைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்

மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ. பதிவு எண் கேளுங்கள். அதை சி.ஆர்.ஆர். எண் என்பார்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். மாநிலம் வாரியாகவும் தேடலாம் என்பதால் புதிய பெயர்களைக் கண்டுபிடிக்கவும் அது உதவும். பதிவு எந்தத் தகுதியில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். பதிவு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட மாட்டார். பதிவு காலாவதி ஆகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

எண் கேட்டால் கோபப்படுவாரோ என்று தயங்காதீர்கள். எங்கள் இரண்டாவது உளவியலாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எல்லோரும் இப்படிக் கேட்டால் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எண்ணை எழுதிக் கொடுத்தார்.

முதல் தொலைபேசி அழைப்பு

நேரில் போவதற்கு முன் வரவேற்பில் இருப்பவரிடம் பேசிவிடுங்கள். ஒரு முறைக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், தமிழில் பேசுவாரா, எத்தனை நாளில் நேரம் கிடைக்கும், இதே வகைப் பிரச்சினையை அவர் பார்ப்பதுண்டா, வர முடியாமல் போனால் கட்டணம் உண்டா. தம்பி போன்றவர்கள் திடீரென்று "இன்றைக்கு வரலை" என்பார்கள், அதனால் கடைசிக் கேள்வி முக்கியம்.

பிறகு காகிதம் பற்றி: அச்சிட்ட ரசீதில் அவருடைய பெயர், தகுதி, பதிவு எண், நோயாளி பெயர், தேதி, தொகை, என்ன சேவை என்ற விவரம், கையெழுத்து எல்லாம் இருக்குமா? ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

"இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். நாம் கட்டாமல் இன்சூரன்ஸ் நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி, நம் ஊரில் தனி உளவியலாளர் அறையில் பெரும்பாலும் கிடையாது. அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நம்பிக்கை இழக்க வேண்டாம். நாம் பணம் கட்டி, ரசீதைக் கொடுத்து, பிறகு திரும்பப் பெறும் வழி இருக்கிறதா என்பதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் உளவியலாளரிடம் இல்லை, உங்கள் பாலிசியில் இருக்கிறது.

பாலிசியை எடுத்து மேசையில் வையுங்கள்

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லா நிறுவனங்களுக்கும் இதை நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. அப்படியும் சிலர் இழுத்தடித்ததால், எல்லாப் பாலிசிகளும் 2022 அக்டோபர் 31-க்குள் இதற்கு இணங்க வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட்டது.

அப்படியானால் உளவியலாளர் கட்டணம் ஏன் வருவதில்லை? "அதே அடிப்படையில்" என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. சாதாரண மருத்துவப் பாலிசி, காய்ச்சலுக்கு டாக்டரிடம் போய் வந்த கட்டணத்தைத் தருவதில்லை. குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் தரும். மனநோய்க்கும் அதே கணக்கு. வாரம் ஒரு முறை போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவது வெளிநோயாளிச் சிகிச்சை, ஓ.பி.டி. என்பார்கள். பாலிசியில் ஓ.பி.டி. பலன் தனியாக இருந்தால் மட்டுமே அந்தப் பணம் வரும்.

எனவே பாலிசிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துச் சோர்ந்துபோகாமல், கீழே சொல்லும் இடங்களுக்கு நேரே போங்கள். வாடிக்கையாளர் தகவல் தாள் என்று இரண்டு மூன்று பக்கத்தில் சுருக்கம் ஒன்று தருவார்கள். அதைத் தமிழில் கேட்டு வாங்கலாம்.

ஓ.பி.டி. பலன் இருக்கிறதா, வருடத்துக்கு எவ்வளவு, அதில் "உளவியலாளர்" என்ற சொல் இருக்கிறதா, இல்லை "மருத்துவர் ஆலோசனை" என்று மட்டும் இருக்கிறதா? இரண்டாவது மாதிரி இருந்தால் மனநல மருத்துவரின் கட்டணம் வரும், உளவியலாளர் கட்டணம் வராமல் போகலாம்.

அடுத்து, மருத்துவமனைக்கு முந்திய, பிந்திய செலவு. யாரும் கவனிக்காத இடம் இது. பல பாலிசிகளில் சேர்வதற்கு முன் 30 அல்லது 60 நாள், வெளியே வந்த பின் 60 அல்லது 90 நாள் செலவைத் தருகிறார்கள். ஒருவர் மனச்சோர்வுக்காக ஒரு வாரம் சேர்ந்திருந்து வெளியே வந்தால், அந்த நாட்களுக்குள் மருத்துவர் எழுதிக் கொடுத்து நடக்கும் உளவியல் அமர்வுகளுக்கும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே "வாரம் ஒரு முறை உளவியல் சிகிச்சை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிறகு காத்திருப்புக் காலம். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 3 வருடம் காத்திருக்கச் சொல்லலாம் என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள வரம்பு. அதற்கு முன் 4 வருடமாக இருந்தது. சில பாலிசிகளில் நோய்க் குறியீடுகளைப் பட்டியலாகப் போட்டிருப்பார்கள். எஃப் என்று தொடங்குபவை மனநலம் சார்ந்தவை: எஃப்20 மனச்சிதைவு, எஃப்32 மனச்சோர்வு. மருத்துவரிடம் குறியீட்டைக் கேட்டு அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மனநோய்க்கு மட்டும் தனியாக உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

கம்பெனி தரும் குரூப் பாலிசியாக இருந்தால் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்காது. வேறொன்றும் இருக்கக்கூடும்: ஊழியர் உதவித் திட்டம் என்ற பெயரில் சில கம்பெனிகள் வருடத்துக்குச் சில இலவச உளவியல் அமர்வுகள் தருகின்றன. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

"அலுவலகத்தில் தெரிந்துவிடுமே" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. தம்பிக்கும் இருந்தது. காகிதங்களை எச்.ஆர். கையில் கொடுக்காமல், டி.பி.ஏ. எனப்படும், இன்சூரன்ஸ் க்ளெய்ம் விண்ணப்பங்களைக் கையாளும் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக ஏற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். மனநலச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது.

புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் முந்தைய சிகிச்சையை மறைக்காதீர்கள். ஏஜென்ட் "அதெல்லாம் போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்" என்று சொல்வார். பிறகு க்ளெய்ம் நிற்கும்போது அவர் வர மாட்டார்.

இன்சூரன்ஸ் நிறுவனத்தை எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் "கவர் ஆகும் மேடம்" என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. பேசிவிட்டு, அதையே மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். நாங்கள் இரண்டாவது முறை அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"என் பாலிசி எண் இது. மனநல மருத்துவர் பரிந்துரையின் பேரில், ஆர்.சி.ஐ. பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறப்போகிறேன். (1) இந்தக் கட்டணம் என் பாலிசியில் அடங்குமா? எந்த விதியின்படி? (2) வருட வரம்பு எவ்வளவு, இதுவரை எவ்வளவு மீதம்? (3) உங்கள் பட்டியலில் உள்ளவரிடம்தான் போக வேண்டுமா? (4) ரசீதில் என்னென்ன இருக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும்? (5) வீடியோ வழி அமர்வுகளும் ஏற்கப்படுமா? தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்."

நான்கு நாளில் பதில் வந்தது. ஒவ்வொரு அமர்வுக்கும் தனிப் பரிந்துரைச் சீட்டு தேவையில்லை, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இது தெரியாமல் போயிருந்தால் நான்காவது மாதம் மறுபடியும் விழுந்திருப்போம்.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். அந்த இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா? பாலிசியில் "மருத்துவமனை" என்பதற்குச் சொல்லும் இலக்கணத்தில் பொருந்துமா? பொதுவாக 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, பெரிய ஊரில் 15 படுக்கை, 24 மணி நேரமும் செவிலியரும் மருத்துவரும் என்று இருக்கும். மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில் நடக்கும் பல இடங்கள் இதில் சேராது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு.

மறுத்துவிட்டால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின்படி என்ற விவரத்தோடு. க்ளெய்ம் மறுபரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பதும் 2024 உத்தரவில் இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். தீரவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், அல்லது 155255-ஐ அழைக்கலாம்.

நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் ஆம்பட்ஸ்மேன் என்ற அதிகாரியிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறை விசாரிப்பார்கள். நிறுவனத்தின் மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

"மனநோய்க்குக் கிடையாது" என்று மட்டுமே காரணம் சொல்லியிருந்தால் தைரியமாகப் போங்கள். 2021 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு மறுப்பைச் சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லி, பணத்தைத் தரச் சொன்னது. ஆனால் ஓ.பி.டி. பலனே இல்லாத பாலிசியில் உளவியலாளர் கட்டணம் கேட்டு மறுத்திருந்தால், அந்தச் சண்டையில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. நிறுவனம் உடல் நோய்க்கும் அதையே சொல்லும்.

இன்சூரன்ஸே இல்லை என்றால்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், உங்களுக்கும் குடும்பத்துக்கும் வெளிநோயாளிச் சிகிச்சையே அதில் அடங்கும். தனியார் பாலிசியில் கிடைக்காத வசதி இது. இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய், மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரை கேளுங்கள்.

அதுவும் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலை ஏழரைக்கே போய்ச் சீட்டு வாங்க வேண்டும். மருந்து இலவசம். உளவியல் துறையில் முதுகலையும் அதற்கு மேற்பட்ட படிப்பும் நடத்தும் கல்லூரிகளில், மேற்பார்வையின் கீழ் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் பார்க்கும் மையங்கள் இருக்கின்றனவா என்றும் விசாரிக்கலாம். தனியார் உளவியலாளரிடமே "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் குறைத்துக்கொள்வார்கள், அல்லது வாரம் ஒன்றுக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று அமைத்துத் தருவார்கள்.

இந்த வேலைகளையெல்லாம் நோயாளியின் தலையில் போடாதீர்கள். எழுந்து பல் துலக்குவதே பாரமாக இருப்பவரால் பாலிசி விதி படிக்க முடியாது. வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து ஒரு கோப்பு போடுங்கள்: பரிந்துரைச் சீட்டு, பதிவு எண்ணின் நகல், இன்சூரன்ஸ் பதில் அச்செடுத்தது, ஒவ்வொரு ரசீதும் தேதி வரிசையில். எங்கள் வீட்டில் அந்தக் கோப்பு என்னிடம் இருந்தது. இப்போது தம்பியே அதை வாங்கி வைத்துக்கொண்டான், இந்த மாத ரசீதை அவனே ஏற்றிவிட்டான்.